ஆங்கிலம் யார் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது? மேலூரிலிருந்து ஒரு பார்வை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் முன்பு இல்லாத ஓர் உரிமையை வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பிணை, விடுவிப்பு, பரோல், தண்டனை என எந்த நிலையிலும் பாதிக்கப்பட்டவரின் தரப்பை நீதிமன்றம் கேட்க வேண்டும். வழக்கு நடவடிக்கை குறித்து அவருக்கு உரிய காலத்தில் அறிவிப்பு தர வேண்டும். இவை கட்டாயமானவை என்பதை ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

அதே திருத்தம் கொண்டுவந்த 14ஏ பிரிவின்படி, சிறப்பு நீதிமன்றத்தின் பிணை ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் உயர் நீதிமன்றம். மேலூர் வட்டத்து மக்களுக்கு அது, 2004 முதல் இயங்கிவரும் மதுரைக் கிளை. மேலூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையிலேயே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஒத்தக்கடையை ஒட்டி அது அமைந்துள்ளது. பேருந்தில் அரைமணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் மொழி மாறிவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது கூறு, உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது. 2006இல் தமிழகச் சட்டமன்றம், உயர் நீதிமன்றத்தில் தமிழையும் வழக்குமொழியாக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

ஆக, கேட்கப்படும் உரிமை நம் மக்களுக்கு இருக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் வாய்ப்புதான் இல்லை. ஒரு பிணை ஆணையை எடுத்துக்கொள்வோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறொரு ஊரில் தங்கி, அங்குள்ள காவல் நிலையத்தில் நாள்தோறும் கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. அந்த நிபந்தனையைப் படித்தறிந்த பெண்ணுக்கு, அதே நபரைத் தன் தெருமுனையில் பார்க்கும்போது அது ஒரு மீறல் என்பது தெரியும். மனு கொடுக்கவும் தெரியும். படிக்க இயலாதவருக்கு, ‘அவன் வெளியே வந்துவிட்டான்’ என்ற அச்சம் மட்டுமே மிஞ்சும். இரண்டு பக்க ஆங்கிலம் உயிர்ப் பாதுகாப்பாக மாறும் இடம் இது. வயது வந்தோருக்கான ஆங்கிலக் கல்வியை இந்த இடத்திலிருந்தே நாம் பேச விரும்புகிறோம்.

மேலவளவு கற்பித்த பாடம்

மேலூர் வட்டம் இதை நன்கறியும். 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐவரும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. ஆனால் 2008இலேயே மூவர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டிருந்தனர். 2019 நவம்பரில் மேலும் 13 பேர் விடுவிக்கப்பட்டனர். அந்த ஆணைகளைக் கேள்விக்குட்படுத்த மதுரைக் கிளையின் படியேறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட இப்போராட்டத்தின் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கணவரையும் மகனையும் இழந்தவர்கள், தங்கள் வழக்கில் என்ன நடந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. வழக்கறிஞர் நேர்மையானவராக இருந்தாலும், சார்ந்திருத்தல் சார்ந்திருத்தலே.

வழக்குமன்றத்துக்கு வெளியேயும் நிலைமை இதுதான். 2020இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. அதை அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, தங்கள் நிலமும் அரிட்டாபட்டி மலையும் எந்த ஆவணத்தில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்பதை மேலூர் மக்கள் தேட வேண்டியிருந்தது. மக்கள் திரண்டு போராடினர். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. திரளும் ஆற்றல் நம்மிடம் உண்டு. ஆவணம் எழுதப்படும் மொழி மட்டும் இன்னும் நம்மிடம் இல்லை.

முப்பது நாளில் ஆங்கிலம்

பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிட்ட ஒருவர் மேலூரில் ஆங்கிலம் கற்க விரும்பினால் எங்கே செல்வார்? பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகைகளே அவரை வரவேற்கும். பள்ளியில் கற்பிக்க ஒருவருக்குக் கல்வியியல் பட்டமோ பட்டயமோ வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. வயது வந்தோருக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பிக்க இவ்வாறான தகுதி எதையும் சட்டம் கேட்பதில்லை. கல்வியியல் பட்டமும் பெரும்பாலும் குழந்தைகளை மனத்தில் கொண்டு அமைந்தது. பகலெல்லாம் கட்டட வேலையோ நூறு நாள் வேலையோ செய்துவிட்டு மாலையில் வந்து அமர்பவருக்கு எப்படிக் கற்பிப்பது என்பதை அது சொல்லித் தருவதில்லை.

உலக அளவில் இதற்கென ஒரு பயிற்சி இருக்கிறது. 1962இல் லண்டனில் ஜான் ஹேகிராஃப்ட் இரண்டு வாரப் பயிற்சியாகத் தொடங்கிய முயற்சி, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ‘செல்டா’ என்னும் சான்றிதழ்ப் படிப்பாக வளர்ந்தது. முழுநேரமாகப் படித்தால் பொதுவாக நான்கு வாரம். குறைந்தது 120 மணி நேர வகுப்பு. அதில் ஆறு மணி நேரம், உண்மையான வயது வந்த மாணவர்களுக்குப் பயிற்சியாளர் பாடம் நடத்த வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை ஆறு மணி நேரம் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகளை முடிக்க வேண்டும். பாடம் நடத்திய உடனேயே, உடன் பயில்வோரும் பயிற்றுநரும் நிறைகுறைகளைப் பேசுவர்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. ஆசிரியர் குறைவாகப் பேசி மாணவரை அதிகம் பேசவைப்பது ஒன்று. சொற்பொழிவைக் கேட்டுப் பழகிய நம் சூழலுக்கு இது ஒரு தலைகீழ் மாற்றம். ஒரு சொல்லை விளக்கிவிட்டுப் ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், புரிந்ததை வெளிப்படுத்தும் வேறொரு கேள்வியைக் கேட்பது இன்னொன்று. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் நம் மக்கள் தலையாட்டிவிடுவர். வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தலையாட்டியே பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தலையாட்டலைப் பதிலாக ஏற்காத ஆசிரியரே நமக்குத் தேவை.

ஆனால் இப்பயிற்சியின் வாசல் குறுகியது. ஏற்கெனவே உயர்நிலை ஆங்கிலத் திறன் இருந்தால்தான் நேர்காணலில் தேற முடியும். கட்டணம் ஒரு கூலிக் குடும்பத்தின் கணக்குக்குள் அடங்குவதன்று. முழுநேரமாக நேரில் படிப்பதென்றால் நான்கு வாரம் சம்பளமின்றிப் பெருநகரில் தங்கவும் வேண்டும். மேலூர் அரசு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்ணொருவர் இந்த மூன்றையும் கடப்பது எளிதன்று. விளைவாக, ஆங்கிலத்தைப் பிறப்பின் வசதியால் பெற்றவர்களே ஆங்கிலம் கற்பிக்கும் தகுதிச் சான்றிதழையும் பெறுகிறார்கள்.

‘உங்கள் ஊர் எது?’

வாசலைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே கற்பிக்கப்படுவதையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். உரையாடல் ஆங்கிலத்தின் முதல் பாடம் எங்கும் ஒன்றுதான்: உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், அப்பா என்ன வேலை செய்கிறார்? லண்டனில் இவை அறிமுகக் கேள்விகள். மேலூரில் இவை சாதியைக் கண்டறியும் கேள்விகள். ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் தகப்பனார் தொழிலிலும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணில், இருவர் இருவராக அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி ஆசிரியர் சொன்னால், ஒருவர் வாயடைத்துப்போவார். ‘இவருக்குக் கூச்சம் அதிகம்’ என்று குறித்துக்கொண்டு ஆசிரியர் நகர்ந்துவிடுவார். மறுவாரம் அந்த மாணவர் வரமாட்டார். அவர் ஏன் நின்றார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

சேரியிலிருந்து வந்த ஆசிரியர் இதைப் பயிற்சி இல்லாமலே உணர்வார். அவர் முதல் பாடத்தை வேறிடத்தில் தொடங்குவார்: உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்தப் படிவத்தைப் படிக்க விரும்புகிறீர்கள்? தலித் ஆசிரியர்கள் வேண்டும் என்ற நம் கோரிக்கை பிரதிநிதித்துவக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று. கற்பித்தலின் தரமே அதைக் கோருகிறது.

இரண்டாவது கேள்வி மொழி பற்றியது. வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற வழக்கத்தை 1992லேயே ராபர்ட் ஃபிலிப்சன் கடுமையாக விமர்சித்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் மட்டுமே கற்பிக்க முடியும் என்பது, அம்மொழியைப் பிறப்புரிமையாகக் கொண்டோரின் வேலைவாய்ப்பைக் காக்கும் நம்பிக்கையாகவே செயல்பட்டது. எங்கள் ஊர்களில் தமிழே பாலம். ‘பிணை’ என்றால் என்னவென்று அறிந்தவருக்கு, அதற்குரிய ஆங்கிலச் சொல் ஒரே நாளில் பழகிவிடும்.

பனிப்பந்தும் அறிவொளியும்

பெரிய அளவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி தமிழகத்துக்குப் புதிதன்று. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் திட்டம் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் தொடங்கப்பட்டது. சிலருக்குக் கற்பித்து, அவர்கள் பலருக்குக் கற்பித்து, அது உருண்டு பெருகும் என்பதால் ‘சென்னைப் பனிப்பந்து’ எனப் பெயர் பெற்றது. இத்தகைய திட்டங்களின் பலவீனம் தெளிவானது. மேல்தட்டில் செய்து பழகியது, கீழே இறங்க இறங்கக் குறிப்பேடாகச் சுருங்குகிறது. உண்மையான மாணவர் முன் நின்று பாடம் நடத்தி, அதைப் பற்றிக் கருத்துக் கேட்கும் வாய்ப்பு கடைசித் தட்டுக்குப் போய்ச் சேருவதில்லை.

இதற்கு மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், புதுக்கோட்டை உள்ளிட்ட பல மாவட்டங்களில், உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டு பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தது. கற்பவரின் தெருவுக்கு, கற்பவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஆசிரியர் சென்றார். எழுத்தறிவோடு நின்றுபோன அந்த வேலை ஆங்கிலம் வரை நீள வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு; பட்டியல் சாதியினரிடையே 73.3 விழுக்காடு. முதல் படியிலேயே பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்கு இரண்டாம் படி தானாக அமைந்துவிடாது.

தமிழா, ஆங்கிலமா?

ஆங்கிலத்தைக் கோருவது தமிழைக் கைவிடுவதாகாது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்து இல்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை வழக்கு காத்திருப்பதில்லை. ‘தாய்மொழியில் படி’ என்று ஊருக்கு உரைத்துவிட்டுத் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புவோரின் அறிவுரை நமக்குத் தேவையில்லை. சாவித்திரிபாய் பூலே 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலக் கல்வியை வலியுறுத்தினார். இரட்டைமலை சீனிவாசனும் புரட்சியாளர் அம்பேத்கரும் 1930இல் வட்டமேசை மாநாட்டில் நம் கோரிக்கையை வைத்த மொழி ஆங்கிலம். இடையில் ஒரு சாதி இந்துத் தலைவர் நின்று மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போனதே அதன் அரசியல் பொருள்.

எனவே நம் கோரிக்கைகள் இவை. வெளிநாட்டில் படிக்கச் செல்வோருக்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியைத் தாட்கோ வழங்குகிறது, அது தொடரட்டும். அதே தாட்கோ, வயது வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் தீவிரப் பயிற்சியையும் பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டதாரிகளுக்கு ஊக்கத்தொகையுடன் வழங்க வேண்டும். 120 மணி நேரம், ஒரு பயிற்றுநருக்கு ஆறு பேர், உண்மையான மாணவர் முன் பயிற்சி என்ற அளவுகோலில் சமரசம் கூடாது. பயிற்சி மதுரையிலும், பயிற்சி வகுப்புகள் மேலூர் போன்ற வட்டத் தலைநகரங்களிலும் நடைபெற வேண்டும். நுழைவுத் தகுதியில் பின்தங்குவோருக்கு மூன்று மாத முன்பயிற்சி வேண்டும். பாடத்திட்டத்தில் பிணை ஆணை, முதல் தகவல் அறிக்கை, நில ஆவணம், வேலை ஒப்பந்தம் ஆகியவை இடம்பெற வேண்டும். வகுப்பறையில் சாதி எவ்வாறு நுழைகிறது என்பது பயிற்சியின் ஒரு பாடமாகவே இருக்க வேண்டும். இவற்றுக்கான நிதிக்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2024இல் நிறைவேற்றப்பட்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

இவற்றோடு, வன்கொடுமை வழக்குகளில் உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஒவ்வோர் ஆணையின் தமிழாக்கமும் பாதிக்கப்பட்டவர் கையில் கட்டணமின்றிச் சேர வேண்டும் என்று கோருகிறோம். தமிழாக்கம் அரசின் கடமை. ஆங்கிலம் நம் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க எவரையும் நாம் அனுமதிக்கலாகாது.