மேசையை விட்டுத் தறிக்கு வருவோர்

கணிப்பொறியின் முன்னும் கணக்கேட்டின் முன்னும் பல்லாண்டுகள் அமர்ந்து மனஞ்சோர்ந்தவர்களுள் சிலர் உழவுக்கும் நெசவுக்கும் வர விரும்புவதை இந்நாளில் காண்கிறோம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஊர் திரும்பியோரிலும் சிலர் மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். இவர்களைப் பற்றி நம்மிடையே இரு கருத்துக்கள் உலவுகின்றன. படித்துப் பெற்ற உத்தியோகத்தை விட்டவன் அறிவிலி என்பது ஒன்று. வெயிலில் பத்து நாள் நின்றால் தானே ஓடிவிடுவான் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

முதற் கருத்தினுள் மறைந்திருப்பது நம் தொழிலைப் பற்றி நாமே கொண்டுள்ள இழிவெண்ணமாகும். கூலி குறைவென்பது மெய். அதனால் தொழில் இழிவாகிவிடாது. இலண்டனில் கணக்காய்வு பயின்ற ஜே. சி. குமரப்பா, 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அத்தொழிலைத் துறந்து கிராமக் கைத்தொழில்களுக்கே வாழ்வை அளித்தார். கோ. நம்மாழ்வார் 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய உத்தியோகத்தை விட்டு உழவரிடம் சென்றார். இவர்களை அறிவிலிகள் என்போமா?

ஆயினும், வருவோரிடம் உண்மையை உரைப்பது நம் கடமை. உடலுழைப்பு மனத்துக்கு ஓய்வு என்று எண்ணி வருவோர் ஏமாறுவர். குழித்தறியில் கால் மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கை நாடாவை ஓட்ட வேண்டும். கண்ணோ அறுந்த இழையைத் தேடியவண்ணம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் குழியில் ஈரமேறித் தறி நின்றுவிடும். பாவை விரித்துக் கஞ்சியிட வெயிலுக்குக் காத்திருக்க நேரும். அலுவலக வேலை இரவிலும் உடன்வரும் என்பர். தறியில் ஒரு முழம் நெய்தால் அந்த ஒரு முழம் கண்முன் நிற்கும். அந்த நிறைவு பெரிது. ஆனால், கடனும் விலைக் கவலையும் நெசவாளியின் வீட்டுக்கும் உடன்வருவன என்பதை மறைத்தலாகாது.

தனித்து வருபவர் வட்டிக்காரரிடமும் இடைத்தரகரிடமும் சிக்குவது எளிது. அத்தகைய நிலையை மாற்றவே 1904இல் திருவள்ளூரை அடுத்த திரூரிலும், பின்னர் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. எனவே சங்கங்கள் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, உத்தியோகத்தை விடுமுன் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும், விடுப்பு நாள்களிலேனும், மூத்த நெசவாளி அல்லது உழவரிடம் வேலை பழகுமாறு அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். இரண்டாவது, ஓராண்டுக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்; தொழில் கைவருமுன் கடன் வாங்கித் தறியோ நிலமோ வாங்கத் தூண்டலாகாது. மூன்றாவது, கற்பிக்கும் மூத்தவர் அன்று இழக்கும் கூலியைச் சங்கம் ஈடுசெய்தல் நியாயம். நான்காவது, எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிடைத்தார் என்று வந்த மறுநாளே சங்கக் கணக்கை அவர் தலையில் சுமத்தலாகாது. எதை விட்டு வந்தாரோ அதையே மீண்டும் கொடுப்பது உபகாரமாகாது.

நம் மக்கள் பலர் தறியை விட்டுச் சென்றுவிட்டனர். மூத்த கைகளோடு தொழில் நுணுக்கமும் மறைந்துவருகிறது. கற்க விரும்பி ஒருவர் வாயிலில் நிற்கும்போது அவர் எச்சாதி, எவ்வூர், என்ன படித்தவர் என்று கேட்டுக் கதவடைப்பது நமக்கே நட்டமாகும். துணைவிதிகள் இடந்தரும் அளவில் இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழியை அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுகிறோம்.