முதல் ரிலீஸுக்கு எவ்வளவு சரக்கு வேண்டும்?

"இன்னும் ஒரே ஒரு லெவல் சேர்த்துட்டு ரிலீஸ் பண்ணிடலாம்."

சொந்தக் காசில் கேம் செய்யும் சின்னக் குழுக்களைக் கவிழ்ப்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். பெரிய கம்பெனியில் தேதி போட்டு விரட்ட மேலே ஆள் உண்டு. தனியாக உட்கார்ந்து செய்கிறவருக்கு அவரேதான் முதலாளி, அவரேதான் வேலையாள். முதலாளி கேட்பார், வேலையாள் "இன்னும் ரெடியாகல சார்" என்பார், முதலாளியும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படியே இரண்டு வருஷம் போயே போச்சு.

காமர்ஸ் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். விற்காமல் கிடங்கில் கிடக்கும் சரக்கு முடங்கிய முதல். (சரக்கு என்றதும் வேறு நினைப்புக்குப் போனவர்கள் திரும்பி வரவும்.) செய்து வைத்து வெளியிடாத லெவல், ஆயுதம், கதாபாத்திரம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். கிடங்குச் சரக்குக்காவது இன்ன விலை போகும் என்று மதிப்புப் போடலாம். வெளியாள் ஒருத்தர்கூட விளையாடிப் பார்க்காத முப்பதாவது லெவலுக்கு என்ன மதிப்புப் போடுவது? முதல் லெவலே பிடிக்கவில்லை என்றால் மீதி இருபத்தொன்பதும் குப்பைதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு பேர், மாதச் செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லெவல் கூட்டுவதற்காக ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 3,60,000 ரூபாய். கேமின் விலை 500 ரூபாய். ஸ்டீம் கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 350. ஆக, அந்தப் பத்து லெவலுக்காகவே, அதாவது அது இல்லாவிட்டால் வாங்கவே மாட்டேன் என்று, 1,029 பேர் கூடுதலாக வர வேண்டும். வரி, தள்ளுபடி எல்லாம் தனி. இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த பிறகும் "ஒரே ஒரு லெவல்" என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

சரி, ஏன் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்? பயம். வாங்குகிறவர்களில் ஒரு கூட்டம் கேமைக் கிலோ கணக்கில் நிறுத்துப் பார்க்கிறது. கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் முதல் கேள்வி. 2008-ல் ஜொனாதன் ப்ளோவின் 'பிரெய்ட்' வந்தபோதே, இத்தனூண்டு கேமுக்கு 15 டாலரா என்று புலம்பினார்கள். அதே ஆட்கள் சினிமா பார்த்துவிட்டு வந்து "மூணு மணி நேரம் ஓடுச்சு, அதனால நல்ல படம்" என்று சொல்வதில்லை. 2019-ல் ஆடம் ராபின்சன்-யூ வெளியிட்ட 'எ ஷார்ட் ஹைக்' கேமில் ஒரு பறவை, ஒரு மலை, அவ்வளவுதான். உச்சிக்குப் போனால் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இரண்டு மணி நேரம்போல ஆகும். 2020-ல் இண்டிபெண்டெண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசு அதற்குத்தான். அந்த மலையில் இன்னும் பத்து மணி நேரத்தை ஏற்றியிருந்தால் பறவை பாதி வழியிலேயே படுத்திருக்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது சப்பையான வாதமும் இல்லை. 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் 'சம்மர் ஆஃப் 58' என்ற பேய்க் கேமைச் செய்த எமிகா கேம்ஸ், நல்ல விமர்சனங்கள் வந்தும் நிறையப் பேர் காசைத் திருப்பி வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, காலவரையறை இல்லாமல் கேம் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. அந்த கேம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, இலையைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேட்பதற்கு என்ன பெயரோ அதுதான் இதற்கும் பெயர்.

அதனால் எல்லோரும் கேமை நீட்டி இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும் என்பது என்ன தீர்வு? நீட்டுவது என்றால் நடைமுறையில் என்ன? சாவியைத் தேடிப் பழைய அறைக்கே திரும்ப நடக்கவிடுவது, பத்து அடியில் சாகும் எதிரியை முப்பது அடி வாங்க வைப்பது. போரடித்துக் காசைத் திருப்பிக் கேட்கிறவர் முதல் அரை மணி நேரத்திலேயே கிளம்பிவிடுகிறார். அவர் பத்தாவது மணி நேரத்தைப் பார்க்கப்போவதே இல்லை. அவருக்காகப் பத்தாவது மணி நேரத்தைச் செய்துகொண்டிருப்பது வெட்டி வேலை. தொண்ணூறு நிமிடக் கேம்களுக்கு இந்த விதி அநியாயம் என்றால் விதியைத்தான் திட்ட வேண்டும். கேமில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அளவு மட்டும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 'நோ மேன்ஸ் ஸ்கை' இருக்கிறது. 2016 ஆகஸ்டில் 60 டாலருக்கு வந்தது. கிரகங்களின் எண்ணிக்கை 18-க்குப் பின்னால் 18 சைபர். அதற்கு மேல் யாரால் சரக்குக் கொடுக்க முடியும்? ஆனாலும் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அங்கே இன்னொரு ஆளைச் சந்திக்கலாம் என்று நம்பி வந்தவர்களுக்கு ஆளே இல்லை. பலர் சேர்ந்து விளையாடும் வசதி ஒழுங்காக வந்தது 2018 ஜூலையில்தான். பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, விளம்பரத்தில் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அது சட்டத்துக்கு. வாங்கியவன் மனசு ஆற வருஷக்கணக்கில் இலவச அப்டேட் விட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர், 2009 மைன்கிராஃப்ட். மார்கஸ் பெர்சன் முதலில் வெளியே விட்டபோது அதில் கட்டுவதற்குச் சில கட்டைகள் இருந்தன, வேறு பெரிதாக எதுவும் இல்லை. முடியாத கேம் என்று வெளிப்படையாகச் சொல்லி, குறைந்த விலை போட்டு, வளர வளர விலையை ஏற்றினார். 2011 நவம்பரில் "முழு வெளியீடு" வருவதற்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றாகிவிட்டது. அதற்காக "மைன்கிராஃப்ட் பாரு" என்று சொல்லிக்கொண்டு அரைகுறையை முழு விலைக்கு விற்கிறவர்களை மன்னிக்க முடியாது. அவர்கள் பெர்சனின் அவசரத்தை எடுத்துக்கொண்டு நேர்மையை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் எவ்வளவுதான் வேண்டும்? ஒரு முழுச் சுற்று. அது கேமுக்கு கேம் மாறும். 'ஸ்லே தி ஸ்பயர்' 2017 நவம்பரில் முன்வெளியீடாக வந்தபோது இரண்டே கதாபாத்திரங்கள். 2019 ஜனவரியில் முழு வெளியீட்டில் மூன்று. நான்காவது 2020-ல். சீட்டை எடுத்து, சண்டை போட்டு, கோபுரம் ஏறி, செத்து, மறுபடி தொடங்கும் அந்தச் சுற்று இரண்டு பேருடனேயே முழுசாக இருந்தது.

உடனே 'ஸ்டார்டியூ வேலி'யைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எரிக் பரோன் தனியாளாக நான்கு வருஷத்துக்கு மேல் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டாரே, அரைகுறையாக விற்கவில்லையே என்று. உண்மை. ஆனால் அது விவசாய கேம். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் நான்கும் இருந்தால்தான் ஒரு சுற்று. வசந்தத்தை மட்டும் விற்றால் விதைத்தவன் அறுக்காமல் போன கதைதான். அப்படிப்பட்டவரே எல்லாவற்றையும் செய்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சேர்ந்து விளையாடும் வசதியைத் தள்ளிவைத்தார், அது 2018-ல் வந்தது. அந்த நான்கு வருஷமும் வீடு ஓடியது காதலியின் சம்பளத்திலும், சியாட்டிலில் ஒரு தியேட்டரில் சீட் காட்டும் வேலையிலும். அவரைப்போலவே நான்கு வருஷம் உட்கார்ந்து, நடுவில் காசு தீர்ந்து போனவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

'சில்க்சாங்'கும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் அறிவித்து 2025 செப்டம்பரில் வந்தது. செய்வது ஜாலியாக இருந்தது, சேர்த்துக்கொண்டே போனோம் என்றார்கள் டீம் செர்ரிக்காரர்கள். சொல்லலாம், 'ஹாலோ நைட்' சம்பாதித்துக் கொடுத்த காசு கையில் இருந்தது. அது அவர்களுடைய இரண்டாவது கல்யாணச் சாப்பாடு. முதல் பந்தி இன்னும் போடாதவர்கள் அதைப் பார்த்து உலை வைக்கக் கூடாது.

டிஸ்கி: இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே கடை போடும் மொபைல் கேம்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது வேறு வியாபாரம். அதைத் திட்டத் தனிப் பதிவு வேண்டும்.