'அரவம்' வசைச்சொல்லா?

சென்ற மார்கழியில் ஒருநாள் மாலை, திருப்பதிப் பேருந்து நிலையத்தில் என் மகளோடு நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி. வீட்டுப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தேன், தமிழில்தான். அவள் வகுப்புத் தோழியர் இருவர் எங்கள் அருகே வந்து நின்றனர். உடனே அவள் என் சட்டைக் கையைப் பற்றி இழுத்து, "மெல்லப் பேசுங்கள் அப்பா, அரவம் என்று சிரிப்பார்கள்" என்றாள். பேச்சை நிறுத்திவிட்டேன். பேருந்து வரும்வரையில் இருவரும் ஊமைகளாக நின்றோம்.

இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டேதான் நம் சங்கத்தின் செயற்குழுவில் அண்மையில் வந்த ஒரு தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். தெலுங்கு மக்கள் நம் மொழியை 'அரவம்' என்றும், நம்மை 'அரவவாள்ளு' என்றும் வழங்குவது தமிழினத்தை இழிவு செய்வது; ஆதலின் ஏடுகளும் அலுவலகங்களும் அச்சொல்லை விலக்குமாறு அரசு ஆணையிட வேண்டும் என்பது அத்தீர்மானம். முன்மொழிந்த அன்பர் என் நெடுநாளைய நண்பர். அவருடைய தமிழ்ப் பற்றில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவருடைய சொல்லாராய்ச்சியில்தான் ஐயம். நான் புலவன் அல்லேன். இளங்கலைப் பட்டத்தோடு நடுவணரசு அலுவலகமொன்றில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தன். ஆயினும் கோப்பைப் படியாமல் குறிப்பெழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். இச்சொல்லின் கோப்பையும் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அச்சொல் வசைதான் என்பதற்கு நம்மவர் காட்டும் சான்றுகள் இரண்டு. வடமொழியில் 'ரவம்' என்றால் ஒலி. 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தால் 'அரவம்', ஒலியற்றது. வர்க்க எழுத்துகள் இன்றி ஒரே ககரத்தையும் ஒரே பகரத்தையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றும் ஏழை மொழி என்று தெலுங்குப் பண்டிதர் பண்டே ஏளனம் செய்தனர் என்பது முதற் சான்று. இரண்டாவது சான்று இதற்கு நேர் எதிரானது. அரவம் என்றால் இரைச்சல். நாம் உரக்கப் பேசுவோர். ஆகவே இரைச்சற்காரர் என்று பெயரிட்டனர் என்பது. செயற்குழுவில் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஒரே அன்பர் எடுத்துரைத்தார், கைதட்டலும் பெற்றார். ஒலியே இல்லாதவன் எங்ஙனம் இரைச்சற்காரன் ஆவான் என்று கேட்க அங்கு யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பிறப்புகள் கூறப்படுமானால், கூறுவோர் இருவரும் சொல்லின் பிறப்பை அறியாமல் ஓசையை வைத்து ஊகித்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

வசையென்று கருதாத நம்மவரும் வாளாவிருந்தாரில்லை. 'அறவர்' என்பதே 'அரவர்' எனத் திரிந்தது, அறநெறி வழுவாத தமிழரைக் கண்டு அண்டையார் வியந்து இட்ட பெயர் இது, என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். கேட்கச் செவிக்கு இனிமைதான். ஆனால் பழந்தெலுங்கிலும் நம்முடையதைப் போலவே இடையின ரகரம், வல்லின றகரம் என இரண்டும் உண்டு. 'அறம்' என்பதன் வழிவந்த சொல்லாயின் வல்லின றகரம் அதில் நின்றிருக்க வேண்டும். தெலுங்கு அகராதிகளோ இச்சொல்லை இடையின ரகரத்தால் எழுதுகின்றன. இன்னொரு கூட்டத்தார் சேஷாசலத்தைச் சுட்டி, அரவாகிய ஆதிசேடனின் மலையடியில் வாழ்வோர் அரவர் என்பர். அங்ஙனமாயின் இம்மலையடியில் வாழும் தெலுங்கரும் அரவரே ஆதல் வேண்டுமன்றோ?

உண்மை இவற்றைவிட எளியது. நம் நூல்களிலேயே கிடப்பது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நாடுகளை நன்னூல் உரைகள் எண்ணிக் கூறுமிடத்து அருவா நாடு, அருவா வடதலை நாடு என்னும் இரண்டு வருகின்றன. கரிகாலனுக்குப் பணிந்தோர் வரிசையில் அருவாளரைப் பட்டினப்பாலை குறிக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, இக்கீழ்க்கரையில் 'அருவார்னோய்' என்றொரு மக்களைக் குறித்துள்ளான். பெண்ணையாற்றுப் பகுதி தொடங்கி வடக்கே தொண்டை நாட்டை நோக்கிப் பரந்த நிலமே அது என்பர் ஆராய்ச்சியாளர். இனி, வடக்கிலிருந்து வேங்கடத்தைத் தாண்டித் தெற்கே வரும் தெலுங்கன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் முதலில் மிதிக்கும் தமிழ் மண் எது? சோழ நாடன்று, பாண்டி நாடன்று, அருவா வடதலையே. அங்குக் கேட்ட பேச்சு அவனுக்கு அருவர் பேச்சு, அரவம். அப்பெயரையே குமரி வரையுள்ள அனைவர்க்கும் நீட்டிவிட்டான். ஏனைய பிறப்புரைகளைவிட இதுவே வலுவுடைத்து என்பது என் துணிபு. மேலே கண்ட மற்றவை ஓசையை மட்டும் நம்பி நிற்க, இதற்கு நாடு உண்டு, மக்கள் உண்டு, அயலான் எழுதிய சான்றும் உண்டு. 1852-இல் வெளிவந்த பிரௌனின் தெலுங்கு அகராதியும் இச்சொல்லைத் தமிழின் பெயராகவே பதிவு செய்கிறது.

அண்டை நிலத்தின் பெயரை இனம் முழுமைக்கும் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தம்மை எல்லேனியர் என்று கூறிக்கொள்ளும் கிரேக்க மக்களை நாம் யவனர் என்றோம். ஏன்? ஆசியாக் கரையில் வாழ்ந்த அயோனியரே கீழ்த்திசையார்க்கு முதலில் அறிமுகமானோர். பாரசீகன் வாயில் அது 'யௌன' ஆயிற்று, வடமொழியில் யவனர், அராபியர் வாயில் யூனான். நம் தெருவில் யுனானி மருந்து விற்கிறவர் அப்பழைய அயோனியக் கரையின் பெயரைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். செருமானியரைப் பிரெஞ்சுக்காரர் அலெமன்னி என்னும் குலத்தின் பெயரால் அழைக்க, பின்லாந்தியரோ சாக்சன் குலத்தின் பெயரால் அழைக்கின்றனர். இவ்வளவு தொலைவு போவானேன்? மேற்குமலைக்கு அப்பால் மலையாளிகள் நம்மைப் 'பாண்டி' என்கின்றனர். எல்லைக்கு இப்புறம் பாண்டியன் நாடு. ஆகவே மதுரையானும் பாண்டி, சேலத்தானும் பாண்டி.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அயலானை 'ஊமை' என்று அழைக்கும் வழக்கமும் உலகில் உண்டு. உருசிய மொழியில் செருமானியனுக்கு வழங்கும் பெயரின் வேர் 'ஊமை' என்னும் பொருளுடையது. ஆகவே 'ஒலியற்றது' என்னும் விளக்கத்தை நடவாத கற்பனை என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் அருவா நாடு ஏட்டில் இருக்கையில், வர்க்க எழுத்துகளை எண்ணிப் பார்த்துப் பெயரிட்ட இலக்கணப் புலவரை நாம் ஏன் தேடிப் போக வேண்டும்? உழவனும் வணிகனும் அண்டை நாட்டுக்குப் பெயரிடுங்கால் எழுத்ததிகாரம் பார்ப்பதில்லை.

அவர்களை நாம் எப்படி அழைத்தோம் என்பதையும் மறத்தலாகாது. 'வடுகர்' என்றோம். வடக்கிலுள்ளார் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. நீலகிரியில் வாழும் படகரின் பெயரும் அதே வடக்கிலிருந்து வந்ததே. அவர் பேச்சோ கன்னடத்தின் கிளை. ஆனால் நம் சங்கப் புலவர் பெயரோடு நின்றாரா? சினமிக்க நாய்களை உடைய வடுகர், கல்லாப் பேச்சினர் என்றெல்லாம் அகப்பாட்டில் பாடி வைத்தனர். வேங்கடத்துக்கு அப்பால் 'மொழிபெயர் தேயம்' என்றனர். அந்த எல்லைக்கோட்டின்மேலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிற நாம், கோட்டுக்கு அப்புறத்தார் இட்ட பெயருக்கு மட்டும் மூக்கைச் சிந்துகிறோம்.

"சரி, பிறப்பு எதுவாயினும், இன்று இழிவாகத்தானே வழங்குகிறது?" என்பார் நண்பர். சிற்சில இடங்களில் ஆம், மறுக்கவில்லை. தெலுங்குக்குத் தெளிவையும் கன்னடத்துக்குக் கத்தூரி மணத்தையும் கொடுத்துவிட்டு அரவத்துக்குச் சீர்கேட்டைக் கொடுக்கும் தெலுங்குப் பழமொழி ஒன்றுண்டு. பலனற்ற ஓயா உழைப்பை 'அரவ சாக்கிரி' என்பதும் உண்டு. வந்தேறிக் கூலிக்காரனின் முதுகைப் பார்த்துச் சொன்ன சொல்லாக இருக்க வேண்டும். அதில் இழிவைவிட உண்மை மிகுதி. ஆனால் அதே சொல்லை என் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர், "இன்று உங்கள் அரவச் சாம்பாரைக் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்கும்போது அதில் எந்த நஞ்சையும் நான் கண்டதில்லை. நஞ்சு சொல்லில் ஊறுவதன்று. சொல்லுகிறவன் குரலிலிருந்து அதில் இறங்குவது. 'பாண்டி' என்பதும் அரசகுலத்தின் பெயர்தானே? அதையே இளக்காரமாகச் சொல்ல மலையாளத்தில் முடிகிறது. மலாய் நாட்டில் நம்மவரைக் 'கிளிங்' என்றனர். கலிங்கத்தின் பெயர்வழி வந்தது அது. பினாங்கிலுள்ள கபித்தான் கெலிங் பள்ளிவாசலில் அப்பெயர் மதிப்போடு இன்றும் நிற்கிறது. தெருவிலோ அதே சொல் வசையாகி நம்மவரைப் புண்படுத்தியது. வடநாட்டார் 'மதராசி' என்னும்போதும் அப்படியே. அச்சொற்களையெல்லாம் எந்த அரசாணையால் அழிப்பது?

இனி, நண்பர்கள் சினந்தாலும் சொல்லியே தீர வேண்டிய ஒன்று. விடுமுறைக்குச் சென்னை செல்கிறோம். அங்கே நம் மைத்துனர் மக்களும் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாரும் தெலுங்கரை என்னவென்று அழைக்கின்றனர்? 'கொல்ட்டி.' நம் பிள்ளைகளையே, ஆந்திரத்தில் வளர்ந்த குற்றத்துக்காக, கொல்ட்டி என்று கேலி செய்கின்றனர். நாமும் உடனிருந்து சிரித்துவிட்டு வருகிறோம். அருவா நாட்டைப் போன்ற எந்த நாட்டின் பெயரும் அன்று அது. எந்தப் புலவனும் ஏட்டில் எழுதியதன்று. இழிப்பதற்கென்றே தெருவில் வழங்குவது. அதைக் கண்டித்து நம் சங்கத்தில் இதுவரை ஒரு தீர்மானமேனும் வந்ததுண்டா? 'அரவம்' என்பதை எதிர்த்து விண்ணப்பம் கொண்டுபோனால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதை வாங்கும் எழுத்தர், "தங்கள் ஊரில் எங்களை என்னவென்று அழைக்கிறீர்கள்?" என்று கேட்பாராயின் நம் செயலாளர் என்ன விடை கூறுவார்?

இம்மண்ணில் நாம் வந்தேறிகள் என்பதும் பாதி உண்மையே. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டின் கூறு. திருமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலன தமிழ். பல்லவ குலத்துப் பெருந்தேவி சாமவை, வெள்ளித் திருமேனி செய்தளித்ததைத் தமிழிலேயே பொறித்து வைத்தாள். மார்கழி முழுதும் அங்குச் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. 'அரவம்' என்று என் மகளைச் சிரித்த பிள்ளைகளின் வீட்டுப் பெரியோர் அந்த அரவத்தைத்தான் கைகூப்பிக் கேட்கின்றனர். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அப்பக்கம் போயிற்று. சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து இப்பக்கம் வந்தது. இன்று அந்தச் சத்தியவேட்டுப் பக்கத்தில் ஸ்ரீ சிட்டித் தொழில் நகர் எழுந்துள்ளது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே பணிக்கு வந்து குடியேறும் இளங்குடும்பங்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்று நம் சங்கம் வரவேற்புரை கூறி வரவேற்கிறது. பெயர்ந்தது அவர்கள் மட்டுமா? எல்லையுமல்லவா பெயர்ந்தது!

இந்த இளங்குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை மிகுகிறது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்னும் கட்டத்தில் 'தெலுங்கு' என்று எழுதிவிட்டு வருவோரை நான் அறிவேன். கேட்டால், "எதற்கு வம்பு? பிள்ளை நாளைக்கு அரவம் என்று பேர் வாங்க வேண்டுமா?" என்கின்றனர். மக்கட்டொகைக் கணக்கெடுப்புக்கு வருவோரிடத்தும் இதே விடை. தமிழ் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று நாளை நாம் கேட்டால், அரசு முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். கட்டத்தில் தமிழர் இல்லை. பிறகு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? படிவங்களை எண்ணித் தொகுப்பதே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன்: கோப்பில் இல்லாதவன் ஊரிலும் இல்லாதவனே.

இவர்களை அஞ்ச வைத்தது எது? 'அரவம்' என்ற சொல் அன்று. அது வசை என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தெலுங்கர் ஊட்டியதைவிட நாம் ஊட்டியதே மிகுதி. என் மகளுக்கு அப்பெயர் இழிவு என்று கற்பித்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் தோழியர் அல்லர். கூடத்தில் அமர்ந்து, "இந்த ஊரில் நம்மை அரவம் என்று இழித்துப் பேசுகிறார்கள்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் நான் நொந்துகொண்டதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் அத்தீர்மானம் வருமாயின் அதற்கு எதிராகக் கை தூக்குவேன். அதற்கு மாற்றாக நான் கொடுக்கவிருப்பது சிறிய தீர்மானம்: ஒவ்வோர் உறுப்பினரும் தம் பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தாய்மொழிக் கட்டத்தைச் சரிபார்த்து, தவறாயின் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், நம் ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உள்ள சங்கத்தில் சென்ற ஞாயிறன்று வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்பதின்மர். அவர்களுள் என் மகள் இல்லை. அருவா நாட்டின் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். முழுதும் நம்பினாள் என்று கூற மாட்டேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.