கட்டளை கேடயம் ஆகாது



மேலதிகாரி சொன்னதைச் செய்த கீழ்நிலை ஊழியரைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்பவர்கள் வாச்சாத்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலையில் வாழும் எங்களைப் போலவே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி மக்களும் மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. ஆலமரத்தடியில் ஊரையே திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்ததோடு, தானியத்தில் கண்ணாடித் துண்டுகளையும் கலந்துவிட்டுப் போனார்கள். தானியத்தில் கண்ணாடி கலக்க எந்தச் சட்டம் உத்தரவிட்டது?

"அந்த ஊர்க்காரர்கள் சந்தன மரம் வெட்டியது தப்பில்லையா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தப்பென்றால் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியதுதானே? கூலிக்குக் கட்டை சுமந்தவரின் தவறும், சீருடையின் பலத்தில் ஊரையே சூறையாடியவரின் குற்றமும் ஒரே தராசில் நிற்காது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1992இல் பதவியில் இருந்த ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஏவியவருக்கும் பங்குண்டு, செய்தவருக்கும் பங்குண்டு. வனத்துறை, காவல்துறைப் பயிற்சிப் பள்ளிகளில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயப் பாடமாக்க அரசு முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு