300ஆம் விதியும் 1600 ரூபாயும்

மக்களே, இது கணக்குப் பதிவு. பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக பாங்கில் கடன் ஃபைல் புரட்டுகிற ஆள் அரசியல் எழுதினால் இப்படித்தான் வரும். பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொடரவும் :-)

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம எம்.எல்.ஏ.க்களுக்குச் சபையில் சத்தம் போடத் தெரிகிறது. வெளிநடப்பு செய்யத் தெரிகிறது. டி.வி. மைக் முன்னால் நிற்கத் தெரிகிறது. அரசாங்கத்திடம் பைசாக் கணக்கு கேட்கத்தான் தெரியவில்லை. தெரிந்தவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இதில் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்ற வித்தியாசம் கிடையாது. அடிபடுவது, மாசாமாசம் பென்ஷனுக்குக் காத்திருக்கும் எங்கள் ஊர் வயசானவர்கள்.

ஊர் தெரியாதவர்களுக்கு: நான் பாறசாலைக்காரன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை போகவில்லை. அதனால் வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம் என்று கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கம் கல்யாணங்கள் பலதும் எல்லை தாண்டித்தான் நடக்கும். அக்காள் பாறசாலையில் கேரளத்து க்ஷேம பென்ஷன் வாங்குவாள், தங்கை களியக்காவிளையில் தமிழ்நாட்டு முதியோர் பென்ஷன் வாங்குவாள். 2023ல் அங்கே 1000 ரூபாயை 1200 ஆக்கினார்கள். கேரளத்தில் 2021லிருந்தே 1600. "எங்க கவர்மென்ட்தான் கூட தருது" என்பாள் அக்காள். "கூடத்தான், கையில வந்துச்சா?" என்பாள் தங்கை. இந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அதுதான் சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி.

வந்ததா என்று பார்ப்போம். 2023 கடைசியில் கேரளத்தில் பென்ஷன் நின்றது. 2024 தொடக்கத்தில் ஐந்து மாசப் பாக்கி. ஆளுக்கு 8000 ரூபாய். குவைத்திலிருந்தோ துபாயிலிருந்தோ பிள்ளை அனுப்புகிற வீட்டில் இது பெரிய விஷயமில்லை. ரப்பர் வெட்டப் போக முடியாமல் முட்டு வலியோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது மருந்துச் சீட்டு. இத்தனைக்கும் அந்த ஆள் உயிரோடு இருப்பதை அக்ஷயா சென்டரில் விரல் வைத்து மஸ்டரிங் செய்து நிரூபிக்க வேண்டும். செய்யாவிட்டால் பென்ஷன் கட். ஆக, கிழவி அரசாங்கத்துக்கு விரல் ரேகையோடு கணக்கு காட்டுகிறாள். அரசாங்கம் கிழவிக்கு என்ன கணக்கு காட்டியது?

இதற்கு முந்தைய காட்சி ஒன்று உண்டு. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் கே.என். பாலகோபால் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டார். சமூகப் பாதுகாப்பு நிதிக்காக என்று பெயர். எதிர்பார்த்த வரவு 750 கோடி. எதிர்க்கட்சி கொதித்தது. நான்கு எம்.எல்.ஏ.க்கள் சட்டசபை வளாகத்தில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ சத்தமில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு களியக்காவிளை பங்குக்குப் போனார்கள். அங்கே விலை குறைவு.

சரி, ஒரு சின்னப் பெருக்கல் போடுவோம். பென்ஷன் வாங்குகிறவர்கள் சுமார் 60 லட்சம் பேர். 1600ஆல் பெருக்கினால் மாசம் 960 கோடி. செஸ்ஸில் வருஷம் முழுக்க வரப்போவது 750 கோடி. அதாவது 23 நாள் பென்ஷன். மீதி பதினொரு மாசத்துச் சொச்சத்துக்கு எங்கிருந்து பைசா? நியாயமாக சபை அதிர்ந்திருக்க வேண்டியது இந்த இடத்தில். "செஸ்ஸைத் திரும்பப் பெறு" என்பது கோஷம். அதற்கு "முடியாது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்:

1. செஸ் அமலுக்கு வந்த 2023 ஏப்ரல் 1 முதல் மாசவாரியாக வசூல் எவ்வளவு? அதில் பென்ஷனுக்குப் போனது எவ்வளவு?
2. பென்ஷன் கொடுக்கக் கடன் வாங்கியது எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு?
3. அந்த வட்டியைக் கட்டுவது யார்? பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில்?
4. நெய்யாற்றின்கரை தாலுகாவில் பஞ்சாயத்து வாரியாக எத்தனை பேருக்கு எத்தனை மாசம் பாக்கி?

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் விடாமல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில். அந்தக் காகிதம் பின்னால் வழக்குக்கும் ஆகும், தேர்தலுக்கும் ஆகும். ஆனால் நம்ம கேள்வி நேரத்தில் பாதி, ஆளுங்கட்சிக்காரர் தங்கள் அமைச்சருக்குத் தூக்கிப் போடுகிற லட்டு. "இந்தத் திட்டத்தால் மக்கள் அடைந்த நன்மைகளை விளக்க முடியுமா?" ரகம். அமைச்சர் பத்து நிமிஷம் விளக்குவார். சங்கடமான எழுத்துக் கேள்விக்கு வேறு மருந்து வைத்திருக்கிறார்கள்: "விவரம் சேகரிச்சு வருந்நு." சேகரித்து முடிப்பதற்குள் சபையின் ஆயுள் முடிந்துவிடும்!

பாக்கி பற்றிய பெரிய பதில் எப்படி வந்தது தெரியுமா? 2024 ஜூலை 10 அன்று அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் சபையில் அறிக்கை வாசித்தார். ஐந்து தவணை பாக்கி. இரண்டை 2024-25லும் மூன்றை 2025-26லும் கொடுப்போம் என்றார். நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? வாசித்தது 300ஆம் விதியின் கீழ். அந்த விதிப்படி வாசிக்கிற அறிக்கை மீது அந்த நேரத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது புதிதல்ல, ஜெயலலிதா அம்மையார் காலத்து 110ஆம் விதி அறிவிப்புகள் நினைவிருக்கும். அதே சரக்கு, எல்லைக்கு இப்பால் நம்பர் மட்டும் வேறு. 60 லட்சம் பேருக்கு ஐந்து மாசப் பாக்கி வைத்த விஷயத்தை, கேள்வியே கேட்க முடியாத வழியில் சபைக்குச் சொன்னார்கள்.

என் பாங்கில் ஒரு வாடிக்கையாளர் ஐந்து தவணை தவறிவிட்டு, "இரண்டு வருஷத்தில் தருகிறேன், யாரும் எதுவும் கேட்கக் கூடாது" என்று லெட்டர் கொடுத்தால் என்ன செய்வோம்? டீ கொடுத்து அனுப்ப மாட்டோம். கடைசித் தவணை 2025 நவம்பரில், உயர்த்திய 2000 ரூபாயோடு சேர்ந்து 3600 ஆக வந்தது. டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல். தாமதத்துக்கு வட்டி ஒரு பைசா கிடையாது. கடனாளி கடனைத் திருப்பியதற்கு நாம் மாலை போட்டோம்.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 2018ல் பென்ஷன் விநியோகத்துக்கென்றே அரசு ஒரு கம்பெனி தொடங்கியது. கம்பெனி கடன் வாங்கி பென்ஷன் கொடுக்கும், அரசு பின்னால் கொடுத்துத் தீர்க்கும். ரோடு, பாலம் கட்ட கிஃப்பி (கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம்). வீட்டுக் கணக்கில் சொன்னால், அப்பா தன் பெயரில் கடன் வாங்காமல் மகன் பெயரில் வாங்கி, மாசத் தவணையை மட்டும் தான் கட்டுவது. அப்பாவின் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கும். கடன் இருக்காதா?

இப்படி பட்ஜெட்டுக்கு வெளியே வாங்குகிற கடனைத்தான் சி.ஏ.ஜி. கேட்டது. சபை என்ன செய்தது? 2021 ஜனவரி 22 அன்று, அறிக்கையில் கிஃப்பி பற்றிய பக்கங்களை நிராகரித்துத் தீர்மானம் போட்டது! அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சபை, கேள்வியையே நிராகரித்தது. எதிர்க்கட்சி எதிர்த்தது, எண்ணிக்கையில் தோற்றது.

அரசுத் தரப்பிலும் வாதம் இருந்தது, மறைக்கவில்லை. வாகன வரியில் பங்கு, பெட்ரோல் செஸ் என்று கிஃப்பிக்கு வருமானம் உண்டு, அதை அரசின் நேரடிக் கடனாகச் சேர்க்கக் கூடாது என்றார் அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக். மத்திய அரசு மட்டும் யோக்கியமா? ஃபுட் கார்ப்பரேஷன் தலையில் கடனை ஏற்றிவிட்டு, 2021 பட்ஜெட்டில்தான் அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. அங்கே அதிகாரிகளை உட்கார வைத்து வரி வரியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னால் மத்திய அரசு இந்தக் கடன்களை மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்தது, கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. நிராகரித்த பக்கம் வட்டியோடு திரும்பி வந்தது.

2024 நவம்பரில் இன்னொன்று வெளிவந்தது. 1,458 அரசு ஊழியர்கள் க்ஷேம பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கெஜட்டட் அதிகாரிகள், கல்லூரி உதவிப் பேராசிரியர்கள் உட்பட! கண்டுபிடித்தது நிதித்துறை. "பென்ஷன் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்டீர்களா?" என்ற ஒற்றை வரிக் கேள்வியை வருஷாவருஷம் விடாமல் கேட்டிருந்தால் இது இவ்வளவு நாள் ஓடியிருக்குமா?

சத்தத்தால் எதுவும் நடக்காது என்பதற்கு சாட்சி 2015 மார்ச் 13. கே.எம். மாணி பட்ஜெட் வாசிக்கவிடாமல் அன்றைய எதிர்க்கட்சி செய்த ரகளையில் சபாநாயகர் நாற்காலியே கீழே போனது. சுமார் 2.2 லட்சம் ரூபாய் சேதம். பட்ஜெட் நிற்கவில்லை.

கேள்வியால் நடக்கும் என்பதற்கு சாட்சி முந்த்ரா விவகாரம். 1957 டிசம்பரில் மக்களவையில் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். எல்.ஐ.சி. பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடிக்கு முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை ஏன் வாங்கினீர்கள் என்று, எந்தப் பங்கு, என்ன விலை என்ற விவரத்தோடு கேட்டார். அவர் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். லட்டு போடவில்லை. நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. நம்ம தமிழர்தான், ஆனாலும் கேள்வி கேள்விதான். 2016, 2021 இரண்டு தேர்தலிலும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் ஆளும் பக்கத்துக்கே ஆள் அனுப்பின. ஆளும் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்கலாம் என்பதற்குத்தான் இந்தப் பழைய கதை.

கேள்வி கேட்கிற உரிமை நிரந்தரம் என்றும் நினைக்காதீர்கள். நான் பிழைக்க வந்த குவைத்தில் 1963 முதல் தேசிய சபை இருந்தது. உறுப்பினர்கள் அமைச்சரை நிறுத்தி விசாரிக்கலாம். 2024 மே 10 அன்று அமீர் சபையைக் கலைத்து, நான்கு வருஷம் வரை நிறுத்திவைத்தார். அது அவர்கள் வீட்டு விஷயம், விருந்தாளி தீர்ப்பு சொல்லக் கூடாது. நம்ம வீட்டிலும் 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே எடுத்தார்கள். எத்தனை பேர் கவனித்தோம்?

சரி, நாம் என்ன செய்யலாம்? ஓணம் விழா, ஆண்டு விழா என்று எம்.எல்.ஏ.க்கள் கல்ஃப் வருகிறார்கள். பொன்னாடை போர்த்தி படம் எடுத்துக்கொள்கிறோம். இனி பொன்னாடையோடு ஒரு காகிதமும் கொடுப்போம். மேலே சொன்ன நான்கு கேள்வி போதும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. சபையில் பதில் வந்தால், மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதை வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் அடுத்த விழாவில் பொன்னாடை வேண்டாம்.

ஆட்சி மாறலாம், பென்ஷன் தொகை கூடலாம். எவ்வளவு தருகிறோம் என்று அவர்களே மேடை போட்டுச் சொல்வார்கள். எங்கிருந்து தருகிறீர்கள், அடுத்த மாசமும் வருமா என்று கேட்பதற்குத்தான் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம்.

டிஸ்கி: எனக்கு எந்தக் கட்சியிலும் மெம்பர்ஷிப் கிடையாது. திட்டுகிறவர்கள் கணக்கில் தப்பு இருந்தால் அதைச் சொல்லித் திட்டவும்.