கம்பம் விழுந்தால் எங்கே விழும்?

சென்ற மாதம் காஞ்சீபுரம் போயிருந்தேன். சுவாமி தரிசனத்துக்குத்தான் போனேன் என்று சொன்னால் என்னை அறிந்த வாசகர்கள் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. பரம்பரையாகப் பட்டுத் தறி. அவருடைய பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். என்னை வரவழைத்தவன் அவன்தான்.

"மாமா, அமெச்சூர் ரேடியோப் பரீட்சையில் தேறி உரிமமும் வாங்கிவிட்டேன். மாடியில் ஏரியல் கட்ட வேண்டும். அப்பா கூடாது என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்" என்றான்.

அமெச்சூர் ரேடியோ என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல இது. மத்திய சர்க்காரிடம் உரிமம் பெற்று, வீட்டிலிருந்தபடியே இன்னொரு உரிமக்காரருடன் வானொலி அலையில் பேசுகிற வித்தை. கையில் செல்போன் இருக்க இது எதற்கு என்று நினைக்கிறீர்களா? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் தொலைபேசிகள் ஓய்ந்துவிட்டன. வேறொரு காரியமாக அங்கே போயிருந்த அமெச்சூர் ரேடியோக் குழுவினர்தாம் தங்கள் கருவிகளைக் கொண்டு கரைக்குச் செய்தி அனுப்பினார்கள். ஆகவே பையனின் ஆசையை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஏரியல் என்பதும் நமக்குப் புதிய சமாசாரம் அல்ல. சென்னையில் 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் ரேடியோ சங்கம் தொடங்கியது. 1930-ல் சென்னை நகரசபை ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அந்த நாளில் ஒரு வீட்டில் ரேடியோ உண்டா என்று அறியக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். கூரையின் மேல் இரண்டு மூங்கில், அவற்றின் நடுவே ஒரு செம்புக் கம்பி, இரு முனையிலும் பீங்கான். பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. கூரையில் கம்பி கட்டும்போது கவனிக்க வேண்டியவற்றையும் அதோடு நாம் மறந்துவிட்டோம்.

மாடிக்குப் போனோம். தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓர் இரும்புக் குழாய் தயாராகக் கிடந்தது. அதன் உச்சியில் பொருத்த வேண்டிய ஏரியல் ஒன்றரை அடிக் குச்சிதான். இரண்டும் சேர்ந்து இருபது அடி உயரம். "சென்னை கிழக்கே இருக்கிறது. நம் வீட்டு வாசலும் கிழக்கு. அதனால் முன்பக்கம்தான் சரி" என்று பையன் விளக்கினான்.

நான் கிழக்கே பார்த்தேன். சென்னை தெரியவில்லை. தெருவில் போகும் மின்சாரக் கம்பிதான் தெரிந்தது. சுவருக்கும் அதற்கும் பன்னிரண்டு அடி இருக்கும்.

"தம்பி, கம்பம் விழுந்தால் எங்கே விழும்?" என்று கேட்டேன்.

"விழாது மாமா. கெட்டியாகக் கட்டிவிடுவேன்."

சிநேகிதர் ஒன்றும் பேசாமல் கீழே போய் ஒரு நூற்கண்டு எடுத்து வந்தார். இருபது அடி அளந்து முடிச்சுப் போட்டார். ஒரு நுனியைப் பையன் குறித்து வைத்திருந்த இடத்தில் பிடிக்கச் சொல்லி, மறு நுனியை மாடியின் நீளவாக்கில் இழுத்துக்கொண்டு நடந்தார். பன்னிரண்டு அடியைத் தாண்டி இன்னும் எட்டு அடி போயிற்று நூல். "தெருப்பக்கம் சாய்ந்தால் இதே கணக்குத்தான். தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு எங்கே முடிச்சுப் போடுகிறது?" என்றார்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நூல் பொய் சொல்லாதே!

வாசகர்களே, இந்த ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே, ஏரியலோடு சேர்ந்த மொத்த உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இடைவெளி வேண்டும். இருபது அடிக் கம்பத்துக்கு முப்பது அடி. அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. கம்பம் நின்ற பிறகு மட்டும் அல்ல, அதைத் தூக்கி நிறுத்தும்போதுதான் ஆபத்து அதிகம். கை தவறிச் சாய்வது அப்போதுதான். சாய்கிற குழாயை எவரும் உடனே விட்டுவிட மாட்டார்கள், இறுகப் பற்றிக்கொள்வார்கள். அதுவே வினையாகிவிடும்.

மின்சாரக் கம்பி விஷயத்தில் நமக்கு ஏற்பட்ட துயரம் கொஞ்சமா? 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் கோயில் தேர் வரும்போது, அதன் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் மாண்டார்கள். உயரமான எதையும் தூக்குகிறவர் முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். மாடிப்படி அறையின் சுவர், தெருக் கம்பியிலிருந்து நாற்பது அடிக்கு மேல் தள்ளியிருந்தது. பக்கத்தில் வேறு கம்பியும் இல்லை. "இங்கேதான்" என்றேன். "சிக்னல் குறையுமே" என்று பையன் முனகினான். நின்ற குச்சி ஏரியல் நாற்புறமும் ஒரே மாதிரி அலையை வீசும். சென்னை எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. முப்பது அடி பின்னால் நகர்ந்தால் சென்னை கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அப்புறம் வேலையைப் பற்றிப் பேசினோம். துத்தநாகம் பூசிய குழாயாக இருந்தால் சீக்கிரம் துருப்பிடிக்காது. சுவரில் இரண்டு இடத்திலாவது கவ்வி வைத்து முடுக்க வேண்டும். உயரத்தில் முக்கால் பங்கு அளவில் வளையம் மாட்டி, மூன்று திசையிலும் சமமாகப் பிரித்து இழுவைக் கம்பி கட்ட வேண்டும். மூன்றிலும் இழுப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இதைப் பாவு பிணைக்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் தளர்ந்தால் எல்லாமே கோணல்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பெரிய பெரிய மரங்களையே சாய்த்தது. அதை நினைத்துக்கொண்டு கட்டினால் தவறு வராது.

ஏறுகிற நாள் ஈரமோ காற்றோ இல்லாத நாளாக இருக்கட்டும். தனியே ஏறக் கூடாது. அலுமினிய ஏணியில் மின்சாரம் சுலபமாய்ப் பாயும்; நனைந்த மூங்கிலும் நம்பத் தக்கது அல்ல. ஓட்டு வீடானால் ஓட்டின் மேல் நேரே கால் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிநேகிதரின் மனைவி வந்து சேர்ந்தார். "அண்ணா, அந்த இழுவைக் கம்பியில் துணி காயப் போடலாம் இல்லையா?" என்று கேட்டார். கூடவே கூடாது, அம்மா! காற்றில் நனைந்த புடவை பாய்மரமாகிக் கம்பத்தை இழுக்கும். பையன் பேசிக்கொண்டிருக்கும்போது ஏரியலைத் தொட்டால் சுடவும் செய்யும். கொடி வேறு, இது வேறு. கம்பிகளில் வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டிவைத்தால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

"இடிக்கு என்ன பயம்? ஏகாம்பரேசுவரர் ராஜகோபுரம் இருக்கிறதே, இடி அதில்தானே விழும்?" என்றும் அந்த அம்மாள் கேட்டார். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம் அது. சுமார் 190 அடி உயரம். ஆனால் உயர்ந்த பொருள் எதுவானாலும் தன்னைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் இடியை ஏற்கும். ஊருக்கெல்லாம் குடை பிடிக்காது. நம் நாட்டில் மின்னலால் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள்.

1753-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். இடி மின்சாரத்தை அளப்பதற்காகக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுவந்தார். மண்ணோடு அதை இணைக்கவில்லை. புயல் வந்த அன்று கருவியின் அருகே நின்றார். மின்னல் கம்பி வழியே வந்து அவர் உயிரைக் குடித்துவிட்டது. எர்த் இல்லாத ஏரியலும் அத்தகையதுதான். வெளியே இருக்கிற இடிக்கு வீட்டுக்குள் வரப் பாதை போட்டுக் கொடுக்கிற காரியம்.

ஆகவே கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பியை வீட்டுக்கு வெளியே, அதிக வளைவு இல்லாமல், நேரே மண்ணுக்கு இறக்க வேண்டும். ரேடியோவுக்கு வரும் கேபிளில், அது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மின்னல் தடுப்பானைப் பொருத்தி, அதையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். இந்த எர்த்தும் வீட்டு மின்சாரத்தின் எர்த்தும் தனித்தனியே இருக்கலாகாது. இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் உண்டாகி, மின்சாரம் ரேடியோ வழியாகவே பாயும். இணைக்கிற வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேபிளைத் தறி இருக்கும் கூடத்தின் வழியே இறக்கப் பையன் எண்ணியிருந்தான். அதையும் மாற்றச் சொன்னேன். அவனுடைய தகப்பனார் குழித்தறியில், ஈர மண்ணில் கால் வைத்து உட்கார்கிறவர். எதிரே இருப்பதோ வெள்ளி சேர்ந்த ஜரிகை. மின்னலுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா?

இவ்வளவும் செய்தாலும் நேரே விழுகிற இடியை எதுவும் முழுக்கத் தடுத்துவிடாது. மழை வரும் போல இருந்தாலே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடக் கூடாது; மாடிக்கும் போகக் கூடாது. கடைசி முழக்கம் ஓய்ந்து அரை மணி கழியட்டும்.

கம்பம் இரண்டு நாளில் பின்பக்கம் நின்றது. சென்ற வாரம் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். சென்னையோடு பேசிவிட்டானாம். "எவ்வளவு நேரம் பேசினாய்?" என்று கேட்டேன்.

"ஐந்தே நிமிஷம் மாமா. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா தறியை விட்டு எழுந்து வருவதற்குள் நானே கேபிளைக் கழற்றிவிட்டேன்."

ஐந்து நிமிஷம் பேசியதைவிட அதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.