தனியாக நிற்கும் ஆனந்தர்

ஏலக் கம்பெனிகளின் படப் பட்டியல்களைப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. (வாங்க அல்ல. என் பென்ஷனில் சிலையின் பீடம்கூடக் கிடைக்காது.) சீனத்துப் பழைய வெண்கலங்களில் தங்கமுலாம் பூசிய சீடர் ஒருவர் அவ்வப்போது வருவார். மழித்த தலை, கூப்பிய கை, இளமையான முகம். பெயர் ஆனந்தர். உயரம் எத்தனை சென்டிமீட்டர், முலாம் எவ்வளவு மிச்சம், எல்லாம் எழுதியிருப்பார்கள். அவர் யார் பக்கத்தில் நின்றார் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள்.

சீனக் கோயில்களில் ஆனந்தர் நடுநாயகர் அல்லர். நடுவில் புத்தர், ஒரு பக்கம் இளைஞர் ஆனந்தர், மறுபக்கம் முதியவர் காசியபர். லோங்மென் குகைகளில் 675இல் முடித்த பெரிய கோயிலில், சுமார் 17 மீட்டர் உயரப் புத்தருக்கு இருபுறமும் இவர்கள்தாம் முதலில் நிற்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு புத்தருக்குப் பணிவிடை செய்தவர், கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து சபையில் ஒப்பித்தவர் ஆனந்தர் என்பது பௌத்த மரபு. அவரைத் தனியே விற்பது கல்யாணப் போட்டோவிலிருந்து மாப்பிள்ளைத் தோழனை வெட்டி எடுத்துச் சட்டம் போடுவது போல.

அந்த முலாம் எப்படி வந்தது? தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகிப் போகும், தங்கம் ஒட்டி நிற்கும். அந்த நச்சுப் புகையைச் சுவாசித்த தொழிலாளி, யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்காகவா அதைச் செய்தான்?

"நாங்கள் வாங்கியதால்தான் பிழைத்தது" என்பார்கள். 845இல் தாங் பேரரசர் வூசோங் வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசு அடிக்க உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அவர் தம்மைக் கலை ரசிகர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1860இல் பீக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடிய பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளின் அதிகாரிகளோ ரசிகர்கள்! மறு ஆண்டே விக்தோர் யுகோ ஒரு கடிதத்தில் அவ்விரு நாடுகளையும் கொள்ளையர் என்றே எழுதினார். பள்ளியில் அவர் கவிதைகளை மனப்பாடம் செய்தோம். அந்தக் கடிதத்தை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

எல்லாச் சிலையும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. கோயிலே விற்றதும் இருக்கலாம். ஆனால் நடுப்பக்கம் மட்டும் மேசைக்கு வந்தால், முதல் பக்கம் எங்கே என்று கேட்காமல் எந்தக் குமாஸ்தாவும் கையெழுத்துப் போடமாட்டான். ஒரு வரி போதும்: "குழுவிலிருந்து பிரிக்கப்பட்டது. புத்தரும் காசியபரும் எங்கே என்று தெரியவில்லை." அதை அச்சடித்துவிட்டு ஏலம் கூறட்டும்.